தை மாதக் கல்யாணத்துக்குப் பூ சொல்லப் போகிறீர்களா?

எங்களுக்குப் பூக்கட்டித் தரும் அண்ணனிடம் யார் கல்யாண ஆர்டர் கொண்டுபோனாலும் போனில் இருக்கும் படத்தைக் காட்ட விடமாட்டார். "படம் கிடக்கட்டும்மா, தேதி என்ன, முகூர்த்தம் எத்தனை மணிக்கு, அதை முதல்ல சொல்லு" என்பார். தங்கை கல்யாணத்தில் பூ ஏற்பாடு முழுக்க என் பொறுப்பில் வந்தபோது, அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் எல்லாவற்றையும் முடிவு செய்தோம். சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத கல்யாணம் என்று இப்போது நிறையப் பேர் மெனக்கெடுகிறார்கள், பாக்குமட்டைத் தட்டு, மஞ்சப்பை, தாம்பூலத்தோடு மரக்கன்று என்று எல்லாம் வருகிறது, ரொம்ப நல்ல விஷயம். ஆனால் பூ என்று வரும்போது மட்டும் "பூதானே, மக்கிப்போகும்" என்று விட்டுவிடுகிறோம். மக்காத சமாச்சாரமெல்லாம் பூவுக்கு அடியிலும் பூவுக்கு நடுவிலும் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

கல்யாணம் மதுரையில், பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில். தேதியைக் கேட்டதும் அண்ணன் சொன்னது, "அப்ப மல்லியை மறந்துரும்மா." பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு முகமே சுருங்கிவிட்டது. மதுரைக் கல்யாணத்தில் மல்லி இல்லாமலா? 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பூ, அது நம் வீட்டு விசேஷத்துக்கு இல்லை என்றால் எப்படி?

அண்ணன் பொறுமையாக விளக்கினார். குண்டுமல்லிச் செடியைக் கார்த்திகை, மார்கழி வாக்கில் கவாத்து செய்துவிடுவார்கள். அப்புறம் அது தழைத்து, மொட்டு வைத்து, பங்குனியில் தொடங்கி ஆனி, ஆடி வரை கொட்டும். நடுவில் இருக்கிற இந்தப் பனிக்காலத்தில் செடி பூக்க விரும்பாது, வருகிற கொஞ்ச மொட்டும் பனியில் சிறுத்துக் கருகிவிடும். அந்தக் கொஞ்சப் பூவுக்குத்தான் தை முகூர்த்தத்தில் ஊரே போட்டி போடுகிறது, வெளிநாட்டுக்கு வேறு விமானத்தில் போகிறது. கிலோ இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டுவதெல்லாம் தை மாதத்தில் புதிய செய்தியே இல்லை. அவ்வளவு கொடுத்து வாங்கினாலும் கைக்கு வருவது சிறுத்த மொட்டுதான். அதே பூவை வைகாசியில் வாங்கினால் மொட்டு உருண்டு திரண்டு இருக்கும், விலையும் அதில் ஒரு சின்னப் பங்குதான்.

இன்னொன்றும் சொன்னார், இதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. மல்லி மொட்டை விடியற்காலையில் பறிப்பார்கள், அது அன்று சாயங்காலம் மலரும், மறுநாள் காலையில் பழுக்க ஆரம்பித்துவிடும். ஆக மல்லிகை இயல்பிலேயே சாயங்காலப் பூ. ராத்திரி வரவேற்புக்குத் தலை நிறைய வைத்தால் வாசம் ஆளைத் தூக்கும். காலை ஆறு மணி முகூர்த்தத்துக்கு அதைக் கொண்டுவர வேண்டுமென்றால் முதல் நாள் மொட்டைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு அடைத்துவைத்து, மலரவிடாமல் தடுத்து, காலையில் வெளியே எடுக்க வேண்டும். நேரத்துக்குத் தகுந்த பூவைக் கேட்டுவிட்டால் இந்தப் பாடு எதுவும் கிடையாது.

அம்மா சமாதானம் ஆகவில்லை. கடைசியில் ஒத்துக்கொண்டது இப்படி: வரவேற்பன்று மணப்பெண் தலைக்கும், சம்பந்திவீட்டு அம்மாவுக்கும், அத்தைமார்களுக்கும் மல்லிச் சரம். அதோடு சரி. வாசலில் வருகிற பெண்களுக்குக் கொடுக்கிற தட்டில் கதம்பம். அம்மாவும் பூக்கடை மதினியும் உட்கார்ந்து அந்தக் கதம்பத்தை முடிவு செய்தார்கள், நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். காக்கடா வெள்ளைக்கு, கனகாம்பரம் நிறத்துக்கு, மரிக்கொழுந்து வாசத்துக்கு, நடுநடுவே டிசம்பர் பூ. காக்கடா பனிக்காலத்தில் நன்றாகப் பூக்கிற ஜாதி, வாசம் குறைவு, ஆனால் சட்டென்று வாடாது. மல்லி விலை ஏறும்போது ஊரில் பாதிப் பேர் தலையில் இருப்பது காக்கடாதான். டிசம்பர் பூவைச் சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு வைத்துப் போனதோடு எல்லாரும் மறந்துவிட்டோம், கடையில் அதை யாரும் பெரிதாக வாங்குவதும் இல்லை, வீட்டு வேலியில் பூத்து உதிர்வதோடு சரி. அந்த ஊதாவும், வெள்ளையில் ஊதாக் கோடு போட்டதும் மரிக்கொழுந்தின் சாம்பல் பச்சைக்குப் பக்கத்தில் வந்தபோது எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! தட்டிலிருந்து எடுத்த பெண்களில் பலர் "டிசம்பர் பூவா, எத்தனை வருஷமாச்சு" என்று கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தலையில் வைத்தார்கள். தாய்லாந்து ஆர்க்கிடால் அப்படி ஒரு பேச்சைக் கொண்டுவர முடியாது.

ஆர்க்கிட் என்றதும் மேடை ஞாபகம் வருகிறது. முதலில் ஒரு டெக்கரேஷன்காரரிடம் விலைப்பட்டியல் வாங்கியிருந்தோம். அதில் இருந்தது: விமானத்தில் வரும் ஊதா ஆர்க்கிட், ஓசூர் பக்கத்துப் பசுமைக்குடில் ஜெர்பரா, ஊட்டிக் கார்னேஷன், நீல நிறச் சாயத்தில் முக்கியெடுத்த செவ்வந்தி, பின்னால் முழுச்சுவருக்கும் பிளாஸ்டிக் இலை, அதன் மேல் மாப்பிள்ளை பெண் பெயர் தெர்மாகோலில். இந்த தெர்மாகோல் விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. அலங்காரத்துக்குத் தெர்மாகோல் பயன்படுத்துவதை நாடு முழுக்கவே 2022 ஜூலை 1 முதல் தடை செய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2019 ஜனவரி 1-இல் இருந்து, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பலவற்றுக்குத் தடை இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு முகூர்த்த நாளும் மண்டப வாசலில் பெயர்ப்பலகை தெர்மாகோலில்தான் நிற்கிறது.

அதைவிட எனக்குக் கவலையாக இருப்பது ஓயாசிஸ். பூச்செண்டு வைக்கிற இடமெல்லாம் அடியில் பச்சையாக, அழுத்தினால் பொடிந்துபோகிற கட்டி இருக்குமே, அதுதான். தண்ணீரில் ஊறவைத்துப் பூக்காம்பைச் செருகுவார்கள். பார்க்கப் பாசி மாதிரி இருப்பதால் இயற்கைப் பொருள் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அது பீனால் பார்மால்டிஹைடு பிளாஸ்டிக். மக்காது, பொடிந்து நுண்துகளாகும், ஊறின தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றும்போது அதுவும் கூடவே போய்விடும். ஆஸ்திரேலியாவில் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தத் துகளை நீர்வாழ் உயிர்கள் தின்றுவிடுவதையும் அதிலிருந்து ரசாயனம் கசிவதையும் சொல்லியிருக்கிறார்கள். லண்டனில் செல்சீ மலர்க் கண்காட்சி நடத்தும் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 2021-லிருந்து தன் கண்காட்சிகளில் இதற்குத் தடை போட்டுவிட்டது. உலகத்திலேயே பேர்பெற்ற பூக்கண்காட்சி இது இல்லாமல் நடக்கும்போது நம் மண்டபத்தில் நடக்காதா?

அண்ணனிடம் இதைக் கேட்டபோது அவர் யோசிக்கக்கூட இல்லை. "வாழைத்தண்டு இருக்கேம்மா" என்றார். கோயிலில் பூ அலங்காரம் செய்கிறவர்கள் காலங்காலமாகச் செய்வது. வாசலில் கட்டக் கொண்டுவரும் வாழைமரத்திலேயே கூடுதலாக இரண்டு வாங்கி, அடிமரத்தை முழ நீளத்துக்கு வெட்டி, படுக்கப்போட்டு, ஈர்க்குச்சியால் துளை குத்தி அதில் பூக்காம்பைச் செருகுவார்கள். மட்டைக்குள் ஈரம் நிறைய இருப்பதால் மறுநாள் மதியம் வரை பூ விறைப்பாக நிற்கிறது. மேடையில் இரண்டு பக்கமும் இப்படித்தான் செவ்வந்தி வைத்தோம். ஒரே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வெட்டின இடத்தில் வாழைப்பால் வடியும், அது பட்டில் பட்டால் கறை போகவே போகாது. அதனால் மதினி வெட்டுவாயைக் கழுவி, கொஞ்ச நேரம் சாய்த்து வடியவிட்டு, வாழை இலையைச் சுற்றிக் கட்டி, அதற்கு அடியில் பழைய வேட்டித்துணியை மடித்துப் போட்ட பிறகுதான் மேடையில் ஏற்ற விட்டார். மணப்பெண் நடக்கிற பக்கம் தண்டே வைக்கக்கூடாது, சொம்பில் தண்ணீர் ஊற்றிப் பூ வைத்தால் போதும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

செவ்வந்திக்குப் பனிக்காலம் சொந்தக் காலம். ராத்திரி நீண்டு பகல் குறைந்தால்தான் அது மொட்டு வைக்கும். பூக்கிற நாளைத் தள்ளிப்போட வேண்டுமென்றால் ராத்திரி இன்னும் வரவில்லை என்று செடியை ஏமாற்ற வேண்டும், அதற்காக வயல் முழுக்க பல்பு எரியவிடுகிறார்கள், கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் பார்க்கலாம். "செவ்வந்தி வருஷம் பூரா கிடைக்குமே" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த பல்புகள்தான் ஞாபகம் வரும். தையில் அந்த வேலையே இல்லை, தானாகவே மஞ்சளும் வெள்ளையுமாக வந்து குவிகிறது.

தை மாதத்துக்கே உரிய இன்னும் சில இருக்கின்றன, பூ என்றாலே மல்லி ரோஜா என்று நினைப்பதால் கண்ணில் படுவதில்லை. பொங்கல் முடிந்ததும் கரும்பு சீந்துவாரில்லாமல் கிடக்கும், மஞ்சள் கொத்தும் அப்படித்தான். அறுவடை நேரம் என்பதால் நெற்கதிர் கிடைக்கும். வாசல் பந்தலில் கரும்பும், நெற்கதிர்க் குஞ்சமும், குருத்தோலைத் தோரணமும், ஈச்சங்குலையும் வைத்துவிட்டோம், மாவிலைத் தோரணம் எப்படியும் உண்டு. அங்கே வாங்கின பூ என்று பார்த்தால் கொஞ்சம் செண்டுப்பூ மட்டும்தான்.

தங்கைக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. வரவேற்பு மேடையில் அந்தப் பொடிப்பொடியான வெள்ளைப் பூ, பேபீஸ் பிரெத் என்கிறார்களே, அது வேண்டும். அண்ணன் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார், மறுவாரம் போனபோது ஒரு கட்டு பூளைப்பூவை எடுத்து மேசையில் போட்டார். பொங்கலுக்குக் காப்புக்கட்ட வேப்பிலை, ஆவாரம்பூவோடு வைக்கிற சிறுபீளைதான். ரோட்டோரத்தில், வரப்பில், தண்ணீர் ஊற்றாமல் மருந்து அடிக்காமல் தானாக முளைக்கிற செடி. வெள்ளையாக, பஞ்சு மாதிரி, காய்ந்தாலும் உருவம் மாறாது, அதனால் ஓயாசிஸும் வேண்டாம் தண்ணீரும் வேண்டாம். அத்தை ஒருத்தர் "காப்புக்கட்டுற பூவை மேடையில வைக்கலாமா" என்று கேட்டார். "வீட்டுக்குக் காவலா வைக்கிற பூவைக் கல்யாணத்துல வைக்கறதுல என்னடி குத்தம்" என்று ஆச்சி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பன்னீர் ரோஜா இளஞ்சிவப்பும் பூளைப்பூ வெள்ளையும் வைத்து அந்த மேடை அமைந்தது. தங்கை இன்றுவரை அந்தப் படத்தைத்தான் எல்லாருக்கும் அனுப்புகிறாள்.

மாலைக்கு வருகிறேன். முகூர்த்த மாலை சம்பங்கி, நடுவில் பன்னீர் ரோஜா, குஞ்சத்துக்கு மரிக்கொழுந்து. சம்பங்கி வருஷம் முழுக்கக் கிடைக்கிற பூ. முகூர்த்தம் இல்லாத நாட்களில் சத்தியமங்கலம் பக்கம் விலை போகாமல் விவசாயிகள் கீழே கொட்டுகிற செய்தி அடிக்கடி வரும், வாசிக்கவே வயிறு எரியும். அதனால் சம்பங்கி மாலை யாராவது சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. மாலை வாங்கும்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எதில் கட்டுகிறீர்கள்? இப்போது வருகிற ஆடம்பர மாலைகளில் பூவை எண்ணுவதைவிட நைலான் நூல், ஜிகினா, பிளாஸ்டிக் முத்து, வெல்வெட் பட்டை, சூடான பசை இவற்றை எண்ணுவது சுலபம். அப்படிக் கட்டின மாலை உரத்துக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது. எங்கள் மாலைக்கு உள்ளே சணல், மேலே பருத்தி நூல். சரமெல்லாம் வாழைநாரில். நாரைத் தண்ணீரில் நனைத்து, நகத்தால் மெல்லிசாகக் கிழித்து, இடது கையில் பூவை அடுக்கி வலது கையால் முடிச்சு விழுகிற வேகத்தை மதினி கையில் பார்க்க வேண்டும், பேசிக்கொண்டே கட்டுவார், கண் பூவில் இருக்காது.

வரவேற்புக்கு மட்டும் மாணிக்க மாலை சொல்லியிருந்தோம், குமரி மாவட்டம் தோவாளையில் கட்டுவது. 2025-இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை, இவ்வளவுதான் உள்ளே. ஒவ்வொரு பூவையும் மடித்து மடித்துப் பாய் பின்னுவதுபோல அடுக்கியிருப்பார்கள், தூரத்தில் இருந்து பார்த்தால் கல் பதித்த மாதிரி மின்னும். பசை கிடையாது, ஜிகினா கிடையாது. ஊதா ஆர்க்கிட் மாலைக்குக் கொடுக்கிற பணத்தை இந்த மாதிரிக் கைகளுக்குக் கொடுப்போமே என்பதுதான் என் கட்சி.

பணம் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். பூவுக்கு ஆன செலவு குறைந்தது, கூலி கூடியது. ஓயாசிஸில் செருகுவது சுலபம், வாழைத்தண்டில் செருக ஆள் வேண்டும், கதம்பம் கட்ட ராத்திரி முழுக்க நாலைந்து பெண்கள் உட்கார வேண்டும். மொத்தத்தில் அந்த டெக்கரேஷன் பட்டியலைவிடக் குறைவாகவே வந்தது. இன்னொன்று, பெரிய முகூர்த்த நாளில் எல்லாப் பூவும் விலை ஏறும், ஊரில் நூறு கல்யாணம் ஒரே காலையில் நடந்தால் பூ எங்கிருந்து வரும்? தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால், ஜோசியர் கொடுக்கிற இரண்டு மூன்று தேதிகளையும் பூக்காரரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. பருவத்துப் பூ என்றால் மருந்து அடிக்காத பூ என்று அர்த்தமில்லை. மல்லியில் மொட்டுப்புழுவுக்கு அடிக்கிற மருந்து, ரோஜாவுக்கு அடிக்கிற மருந்து எல்லாம் பருவத்திலும் அடிக்கத்தான் செய்கிறார்கள். மருந்தில்லாப் பூ என்று எழுதி விற்கிற கடை எங்கள் மார்க்கெட்டில் கண்ணில் படவில்லை. பூளைப்பூவும் டிசம்பர் பூவும் வேலியிலிருந்து வந்ததால் அவற்றில் கவலை இல்லை, மற்றதில் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் ஒருநாள் வரும்.

கல்யாணம் முடிந்த பிறகு பூ எங்கே போகிறது என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். மண்டபத்தைக் காலி செய்கிற அவசரத்தில் பூவும் இலையும் தண்ணீர் பாட்டிலும் ஒரே குவியலாகக் குப்பைத்தொட்டிக்குப் போய்விடும். நாங்கள் அண்ணனிடம் ஆர்டர் கொடுக்கும்போதே கழற்றிக் கொடுக்கிற வேலைக்கும் சேர்த்துக் கூலி பேசிவிட்டோம். வாழைமரமும் கரும்புச் சோகையும் மாட்டுக்குப் போயின, செவ்வந்தியும் சம்பங்கியும் தெரிந்தவர் தோட்டத்து உரக்குழிக்குப் போயின. இங்கே முக்கியமாகச் சொல்ல வேண்டியது அரளி. அரளி விஷம், பூ, இலை, தண்டு எல்லாமே, மாடு தின்றால் உயிருக்கே ஆபத்து. வாசல் மாலையில் அரளி இருந்தால் அதைத் தனியாகக் கழற்றி எடுத்த பிறகுதான் மீதியை மாட்டுக்குக் கொடுக்க வேண்டும். மாணிக்க மாலையும் மாட்டுக்குப் போகக்கூடாது. நைலான் நூலில் கட்டின சரமும் அப்படித்தான், வயிற்றில் போய்ச் சுருண்டுகொள்ளும். இதைச் சொல்ல மண்டபத்தில் ஆள் இருக்கமாட்டார்கள், குடும்பத்தில் ஒருத்தர் நின்று பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் சித்தப்பா நின்றார்.

சித்தப்பா மகளுக்கு வைகாசியில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். அண்ணனிடம் கேட்டாயிற்று. மல்லி ஆசை தீர வைத்துக்கொள்ளலாம், வாசல் தட்டுக்கும் சேர்த்து. ஆனால் அந்த வெயிலில் ரோஜா இதழ் மதியத்துக்குள் சுருண்டுவிடும், அதனால் ரோஜா மாலை வேண்டாமாம், செவ்வந்தியும் பூளைப்பூவும் கிடையாதாம். மேடைக்குப் பனங்குருத்தும் நுங்குக் குலையும் வைத்துச் செய்து காட்டுகிறேன், ஒருநாள் வந்து பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.